"பாரம்பரியம்" என்று அச்சிடுவதற்கு முன்: குவாசூலு-நத்தால் கோயில், சங்க, விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நத்தால் மாகாணத்துக் கோயில் அறங்காவலர்களுக்கும், தமிழ்ச் சங்கச் செயலாளர்களுக்கும், காவடி, பொங்கல், தீபாவளி நாள்களில் கலை நிகழ்ச்சிகளை மேடையேற்றும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு டர்பனின் தென்புறத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த கலை நிகழ்ச்சிக்குப் பேத்தி என்னை அழைத்துப் போயிருந்தாள். நுழைவுச் சீட்டு 150 ரேண்ட். இடைவேளைக்குப் பின் ஒரு குழுவினர் மாரியம்மன் பாட்டொன்றைப் பாட வந்தபோது, "நம் முன்னோர்கள் 1860ஆம் ஆண்டு கப்பலில் வரும்போது நெஞ்சில் சுமந்து வந்த பாட்டு இது" என்று அறிவிப்பாளர் சொல்ல, மண்டபம் கைதட்டியது. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பாட்டை நான் 1983ஆம் ஆண்டு, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்த வெட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அதன் இரண்டாம் சரணத்தில் உம்ஹ்லதுசானா ஆறு வருகிறது. 1860இல் இந்தியத் தொழிலாளர்களை முதன்முதலாக இங்கே கொண்டு வந்த ட்ரூரோ கப்பலில் சென்னையில் ஏறிய 342 பேரில் ஒருவருக்கும் அந்த ஆற்றின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. பாடியவர்களோ, அறிவித்தவரோ, நிகழ்ச்சி நிரலில் அப்பாட்டுக்கு நேரே "பாரம்பரியம்" என்று அச்சிட்டவர்களோ அதைச் சற்றே யோசித்திருக்கலாம்.

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் பலர் இதைத் தாமாகவே படிக்க முடியாமல் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழில் எழுதிய பாட்டுகளைப் பற்றிய வழக்கைத் தமிழில் எழுதுவதே முறை என்று பட்டது.

நான் பிறந்தது டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸில். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் எங்களை அங்கிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது எனக்குப் பதினான்கு வயது. தமிழை மாலைப் பள்ளியில் கற்றேன். பிற்பாடு அதே பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தேன். பகலில் உடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கும் வேலை. பாட்டுக் குழுத் தலைவர் ஒருவர் சனிக்கிழமைகளில் ஆர்மோனியத்தோடு வீட்டுக்கு வருவார். மெட்டைத் "தன்னானே தானே" என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். நான் அதை மனத்தில் இருத்திக்கொண்டு திங்கட்கிழமை தையல் இயந்திரத்தின் முன் உட்காருவேன். காலரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இயந்திரம் ஓடி நிற்பதற்குள் ஓர் அடி மனத்தில் அமைந்துவிடும். நூல் அறுந்தால் சந்தமும் அறுந்து போகும். தேநீர் இடைவேளையில், வீணாகிப் போன வெட்டுத்தாள் துண்டில் அதை எழுதி மடித்து வைத்துக்கொள்வேன். மாரியம்மன் பாட்டு எழுதிய தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் காலரின் பென்சில் வரைகோடும் 38 என்ற அளவும், மறுபக்கத்தில் பல்லவியும் மூன்று சரணங்களும் இருக்கின்றன. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தியது வெறும் ஆசையினால்தான். சட்டத்தில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று பிற்பாடுதான் அறிந்தேன்.

1984ஆம் ஆண்டு அந்தக் குழுவினர் ஓர் ஒலிநாடா வெளியிட்டார்கள். அதில் என்னுடைய பாட்டுகள் ஆறு. குழுத் தலைவர் ஓர் உறையில் 60 ரேண்ட் வைத்து, வெற்றிலை பாக்கு, தேங்காயோடு தட்டில் கொடுத்தார், மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொண்டேன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. ஒலிநாடா வந்ததும் உறையைப் பிரித்துப் பார்த்தேன். பாடகர்கள் பெயர் இருந்தது, வாத்தியக்காரர்கள் பெயர் இருந்தது, அட்டைப் படம் பிடித்தவர் பெயர்கூட இருந்தது. "பாடல்" என்ற இடத்தில் "பாரம்பரியம்" என்று இருந்தது. கேட்டபோது, "அக்கா, உங்கள் பெயரைப் போட்டால் உள்ளூர்ப் பாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள், பழைய பாட்டு என்றால் வாங்குவார்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் சனங்களின் மனத்தை அவர் சரியாகவே அறிந்திருந்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துவது.

அதன் பின் அந்த ஆறு பாட்டுகளும் தம் போக்கில் போயின. மற்றொரு நிறுவனம் அவற்றைக் குறுந்தட்டாக வெளியிட்டபோது "பாரம்பரியம்" என்ற சொல்லோடு, "இசை ஒழுங்கமைப்பு" என்று நான் ஒருபோதும் சந்தித்திராத ஒருவரின் பெயரும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து பாட்டுப் புத்தகங்களுக்குள் ஆங்கில எழுத்தில் ஏறின. இப்போது யூடியூபில் ஒலிக்கின்றன. ஆங்கில எழுத்தில் ஏறியதில் சிறு விபத்தும் நேர்ந்தது. நான் எழுதியது "மழை வரும் நேரமம்மா, மாரி உன்னைத் தேடி வந்தோம்" என்பது. அந்த எழுத்தில் ழகரத்துக்கும் லகரத்துக்கும் வேறுபாடு காட்டாமல் அச்சிட்டதால், இன்று மாகாணம் முழுவதும் "மலை வரும் நேரமம்மா" என்று பாடுகிறார்கள். மலை எங்கும் வருவதில்லை. யார் எழுதினார் என்று தெரிந்திருந்தால், சாட்ஸ்வொர்த்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும் பிழை இது.

நம் நாட்டில் பாட்டுக்கு உரிமை எப்படி அமைகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் குழுக்களில் கணக்குப் பார்ப்பவர்கள்கூட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1978ஆம் ஆண்டின் 98ஆம் இலக்கப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் சொற்களை இலக்கியப் படைப்பாகவும், மெட்டை இசைப் படைப்பாகவும், பதிவான ஒலியை மூன்றாவது படைப்பாகவும் தனித்தனியே கொள்கிறது. பாட்டு எழுதப்பட்டோ பதிவாகியோ இருந்தால் போதும். எந்த அலுவலகத்திலும் முத்திரை வாங்கத் தேவையில்லை. எழுதியவர் வாழும் காலமும், அவர் இறந்த ஆண்டு முடிந்த பின் 50 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்ற வேண்டுமானால் அது எழுத்தில், எழுதியவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வெற்றிலைத் தட்டில் வைத்த 60 ரேண்ட் அன்புக்கு அடையாளமாகலாம், உரிமை மாற்றமாகாது. அப்படியே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், "இதை எழுதியவர் நான்" என்று சொல்லும் உரிமையும், சொற்கள் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே தங்கும் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது.

பணம் வரும் வழிகளும் அவ்வாறே பிரிந்திருக்கின்றன. பொதுவிடத்திலும் வானொலியிலும் பாட்டு ஒலிப்பதற்கான தொகையை, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்குமாகத் திரட்டுவது 1961இல் தொடங்கிய சாம்ரோ என்ற அமைப்பு. படியெடுப்புக்கும் இணையத்தில் பாட்டு இறக்கப்படுவதற்குமான தொகையைத் திரட்டுவது காப்பாசோ. பாடியவர்களுக்கும் பதிவு நிறுவனங்களுக்கும் சேர வேண்டியது சாம்ப்ரா வழியாக வருகிறது. ஆகவே, "பாடகருக்குத்தான் கொடுத்துவிட்டோமே" என்று ஒரு செயலாளர் என்னிடம் சொன்னபோது அவர் சமையற்காரருக்குக் கூலி கொடுத்ததைக் காட்டிக் காய்கறிக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பியது போலத்தான் இருந்தது. நிகழ்ச்சியில் என்னென்ன பாடப்பட்டன, யார் யார் எழுதியவை என்ற பட்டியல் போய்ச் சேராவிட்டால், மண்டபம் உரிமக் கட்டணம் செலுத்தியிருந்தாலும் அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டு வாசல் தெரியாது. "பாரம்பரியம்" என்று எழுதிய பட்டியலோ, இப்பாட்டுக்கு உரியவர் எவருமில்லை என்று சாட்சி சொல்லிவிடுகிறது.

இந்தச் சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் மாகாணத்து மண்ணிலேயே பிறந்த சாட்சி ஒருவர் உண்டு. சாலமன் லிண்டா என்ற சூலுப் பாடகர் 1939ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் தம் குழுவினரோடு "ம்புபே" என்ற பாட்டைப் பதிவு செய்தார். சிங்கம் என்பது அதன் பொருள். அதன் உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். அமெரிக்காவில் அந்த இசைத்தட்டைக் கேட்ட பாடகர் ஒருவர், "உயிம்புபே" என்ற சூலுச் சொல்லை "விமோவே" என்று காதில் வாங்கி அப்படியே எழுதிக்கொண்டார். என் மழை மலையான கதைதான் அது. ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்று கருதப்பட்டதால், 1950களின் தொடக்கத்தில் வெளியான இசைத்தட்டில் பால் கேம்பல் என்ற பெயர் ஏறியது. அப்படி ஒருவர் இல்லை. உரிமையாளர் அற்ற பாட்டுகளின் வருவாயைப் பெறுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர் அது. 1961இல் ஆங்கிலச் சொற்களோடு அது மறுபடி வந்து உலகெங்கும் பரவியது. லிண்டா மறு ஆண்டே, 1962இல், வறுமையில் இறந்தார். 1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் அது ஒலித்தது.

அவருடைய பெண்மக்களுக்கு 2006ஆம் ஆண்டு இழப்பீட்டு உடன்பாடு கிடைத்ததென்றால், அதற்குக் காரணம் 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மறைந்து கிடந்த ஒரு விதி: எழுதியவர் தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது அவருடைய வாரிசுகளிடம் திரும்ப வேண்டும் என்பது அது. அவ்விதியின்படி லிண்டா குடும்பத்துக்கு உரிமை 1987இலேயே திரும்பியிருந்தது. பல ஆண்டுகள் அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. 2024இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பதிப்புரிமைத் திருத்த மசோதாவிலும், உரிமை மாற்றத்தை 25 ஆண்டுகளுக்கு மேல் செல்லாததாக்கும் பிரிவு இருக்கிறது. குடியரசுத் தலைவர் அதே ஆண்டு அக்டோபரில் அந்த மசோதாவை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நீதிமன்றத்தின் வேலையை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நிகழ்ச்சி நிரல் அச்சடிப்பது நம் வேலை. அதற்கு எந்த மசோதாவும் வேண்டியதில்லை.

"அம்மன் பாட்டுக்குக் காசு கேட்கலாமா, பக்தியில் பெயர் தேடலாமா" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறார்கள். பூசையில் பாடுவதற்கும், கரகத்துக்கு முன்னே பாடுவதற்கும், கூழ் ஊற்றும் நாளில் பெண்கள் கூடிப் பாடுவதற்கும் நான் ஒரு சதம்கூடக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நான் பேசுவது சீட்டு விற்ற மண்டபத்தையும், விற்பனைக்கு வந்த குறுந்தட்டையும், விளம்பரம் ஓடும் காணொளியையும் பற்றி. அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தவர், பூ அலங்காரம் செய்தவர், நாதஸ்வரக்காரர், பிரியாணி சமைத்தவர் ஆகிய அனைவருக்கும் பணம் கொடுத்தீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். பெயரைப் பொறுத்தவரையில், திருஞானசம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்பார்கள். பெரும்பாலும் அதில் அவர் தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் வைத்துத்தான் முடிக்கிறார். நம்மாழ்வாரும் "குருகூர்ச் சடகோபன்" என்று பாட்டுக்குள்ளேயே சொல்லி வைத்தார். அவர்களுடைய பக்தி அதனால் குறைந்துவிட்டதென்று நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அந்த யோசனை அன்று தோன்றவில்லை. மூன்றாம் சரணத்தில் என் பெயரை வைத்திருந்தால் அறிவிப்பாளர் தடுமாறியிருப்பார்.

குற்றம் முழுவதும் உங்கள் பக்கம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. 1970களில் நான் எழுதிய முதல் பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் சென்னைத் திரைப்பட மெட்டுகளுக்குச் சொல் மாற்றி எழுதியவை. சிவகாமியைப் பற்றிய என் பாட்டு ஒன்றின் மெட்டு, ஒரு காதல் பாட்டிலிருந்து அப்படியே எடுத்தது. சபையில் முதியவர்கள் கண்ணை மூடிக் கேட்கையில், இளைஞர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அந்த மெட்டை அமைத்தவருக்கு நாங்கள் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், திரைப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் தம் பங்கு உரிமத் தொகையைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து இழக்க முடியாதபடி செய்தது; அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒருங்கே வந்தன. இன்றும் உங்கள் மேடைகளில் பாதிப் பாட்டுகள் அவ்வகையைச் சேர்ந்தவைதாம். அவற்றுக்கு நேரே மூல மெட்டு யாருடையது என்று எழுதுவதும் இந்த வேண்டுகோளில் அடக்கம்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். 2016 மே மாதம் தேசிய ஒலிபரப்புக் கழகம் தன் வானொலிகளில் 90 விழுக்காடு உள்நாட்டு இசை ஒலிக்க வேண்டும் என்று அறிவித்தபோது, 1983 முதல் நம் வீடுகளில் ஒலித்து வரும் லோட்டஸ் எஃப்எம்மில் இந்தித் திரைப் பாட்டும் தமிழ்த் திரைப் பாட்டும் இல்லாமல் போய்விடும் என்று நம் சமூகம் கொதித்தது. அக்கோபத்தில் நியாயம் உண்டு. என் கணவருக்கும் காலையில் பழைய தமிழ்ப் பாட்டு இல்லாமல் தேநீர் இறங்காது. ஆனால் எனக்கு அப்போது வேறொரு கவலை. அந்த 90 விழுக்காட்டை உள்நாட்டுத் தமிழ்ப் பாட்டுகளால் நிரப்பலாம் என்று எவரேனும் உண்மையாகவே முயன்றிருந்தால், எழுதியவர் பெயரோடு அவர்களுக்கு எத்தனை பாட்டுகள் கிடைத்திருக்கும்? நாற்பது ஆண்டுகளாக நாம் எழுதியவற்றையெல்லாம் முன்னோர் தலையில் ஏற்றிவிட்டு, உள்ளூரில் தமிழ்ப் பாட்டெழுத ஆளில்லை என்று கூட்டங்களில் வருந்திக்கொண்டிருக்கிறோம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி நன்றாக எழுதுவாள். இப்போது அவள் திருமண அழைப்பிதழ்களுக்கு ஆங்கில வாசகம் எழுதித் தருகிறாள், அதற்குப் பணம் வருகிறது.

ஆதலால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே எழுதியவர், மெட்டமைத்தவர் என்று இரண்டு இடங்களை விட்டு வையுங்கள். பாடும் குழுவிடம் கேளுங்கள்; அவர்களுக்குத் தெரியாவிட்டால், எங்கிருந்து கற்றார்கள் என்று கேளுங்கள்; அதற்கும் விடை கிடைக்காவிட்டால் "எழுதியவர் தெரியவில்லை" என்று அச்சிடுங்கள். உண்மையாகவே கப்பலில் வந்த தாலாட்டுகளும் கும்மிகளும் கூத்துப் பாட்டுகளும் நம்மிடம் உண்டு. "பாரம்பரியம்" என்ற சொல்லை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கும் அதுதான் மரியாதை. நிகழ்ச்சி முடிந்ததும், கணக்கை முடிக்கும் அதே இரவில், பாடப்பட்டவற்றின் பட்டியலில் ஒரு படியைப் பாடிய குழுவிடமும், எழுதியவர் உயிரோடிருந்தால் அவரிடமும் கொடுத்துவிடுங்கள். சாம்ரோவுக்கு அறிவிப்பதை உறுப்பினர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்வோம். கோயிலின் நூற்றாண்டு விழாவுக்கென்று ஒருவரிடம் புதுப்பாட்டுக் கேட்டால், எத்தனை ரேண்ட், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், உரிமை யாரிடம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பொன்னாடை போர்த்துவதை நிறுத்த வேண்டியதில்லை. என்னிடம் நான்கு இருக்கின்றன, ஐந்தாவதையும் வாங்கிக்கொள்வேன்.

பழைய பாக்கி எதையும் நான் கேட்கவில்லை. அந்த ஒலிநாடா நிறுவனம் இன்று இல்லை; குழுத் தலைவரும் காலமாகிவிட்டார், அவர் ஆர்மோனியம் இன்னும் அவர் மகன் வீட்டில் இருக்கிறது. மாரியம்மன் பாட்டின் மெட்டு அவருடையது. நிரலில் என் பெயர் வருமானால் அவருடைய பெயரும் பக்கத்தில் வர வேண்டும்.

இம்மடலின் அடியில் என் பெயரை நான் இடவில்லை. உங்களில் எந்தக் குழுவாவது வரும் சித்திரை மாத நிகழ்ச்சியில் அந்தப் பாட்டை வைத்திருந்தால், பாடகர்களில் மூத்தவர் எவரையேனும் கேளுங்கள். என் வீடு அவர்களுக்குத் தெரியும். செயலாளர் வந்தால் இரண்டு பெயர்களையும் எழுத்துக் கூட்டிச் சொல்வேன், வெட்டுத்தாளையும் காட்டுவேன். வரும்போது பாட்டுப் புத்தகத்தையும் ஒரு பேனாவையும் கொண்டு வரச் சொல்லுங்கள், "மலை"யைத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து,
அந்த ஆறு பாட்டுகளையும் எழுதியவள்